நான் எழுதாத புகாரின் மீது நான் எழுதும் புகார்

அனுப்புநர்:
க. விஷ்ணுப்ரியா (வயது 35),
க/பெ. கதிரவன்,
பிள்ளையார் கோயில் தெரு, சுரக்குடி,
திருநள்ளாறு கொம்யூன், காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காரைக்கால்.

பொருள்: என் பெயரால் கொடுக்கப்பட்ட புகாரின் பேரில் செவிலிய அதிகாரி திருமதி ஜெயமேரி அவர்கள் யானத்துக்கு மாற்றப்பட்டதை ரத்து செய்யவும், அவர் கேட்ட கேள்விகளை எல்லாப் பெண் நோயாளிகளிடமும் கேட்கச் செய்யவும், பெண்கள் வார்டில் திரை அமைக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1) என் கையெழுத்துடன் கூடிய புகார், நாள் 10.03.2025.
2) மருத்துவமனை நிர்வாகம் எனக்கு அனுப்பிய கடிதம், நாள் 04.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் கணவர், மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறேன். பி.காம். படித்தவள். காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு ஆண்டுகள் தட்டச்சு வேலை பார்த்தேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று ஊரார் மனுக்கள் பல நூறு என் கைவழியாகப் போயிருக்கின்றன. எனக்கென்று ஒரு மனு எழுதுவது இதுவே முதல் முறை. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று பிறருக்கெல்லாம் அடித்துக் கொடுத்த வரியை இதில் நான் எங்கும் சேர்க்கவில்லை. மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். நான் கோபத்தில் இருக்கிறேன், அதனால் அந்த வரி வரவில்லை.

2. இம்மாதம் 6ஆம் தேதி எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. "தங்கள் புகாரின் மீது உரிய விசாரணை நடத்தப்பட்டு, சம்பந்தப்பட்ட செவிலியருக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது. மேலும் அவர் யானத்துக்கு மாற்றப்பட்டு, 30.06.2025க்குள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். தங்கள் புகாருக்கு நன்றி" என்று அதில் இருந்தது. என் புகாரின் நகலும் குறிப்பாணையின் நகலும் உடன் இருந்தன. புகார் கொடுத்தது நான் என்பதை அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். யார் என் உயிரைக் காப்பாற்றினாரோ அவரைத் தண்டித்துவிட்டு எனக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். நன்றியைத் திருப்பி அனுப்ப வழி தெரியாததால் இந்த மனுவை எழுதுகிறேன்.

3. மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். பெயரை எழுதினால் மனு முதல் காரியமாக அங்கேயே விளக்கம் கேட்டுப் போகும். 'விசாரித்து முடிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வரும். கடையில் இருந்த காலத்தில் இதைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். கடித நகல்களைத் தங்கள் பார்வைக்கு மட்டும் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

4. என் நோயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழக்கு புரியாது. 2016ஆம் ஆண்டு வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். அதற்குமேல் யாரும் எதையும் யோசிக்கவில்லை. எனக்குப் பால் சுரக்கவில்லை. என் மாமியார் பங்கஜவல்லி அவர்கள் மேட்டுத்தெரு மீன்காரம்மாவிடம் சொல்லிவைத்து, பத்து நாள் விடாமல் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து போட்டார். பூண்டை அரைத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு வரவில்லை. அதன்பிறகு மாதவிலக்கும் வரவில்லை. தொல்லை விட்டது என்று நானே சந்தோஷப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

5. அடுத்த ஆண்டுகளில் நான் நானாக இல்லை. எப்போதும் குளிர். எப்போதும் தூக்கம். குடத்தைத் தூக்கினால் கை நடுங்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்தவள், என் பெயரை அடிக்கவே எழுத்தைத் தேடினேன். வேலையை விட்டேன். "ஒத்தப் புள்ளையப் பெத்துட்டு மகாராணி மாதிரி படுத்திருக்கா" என்று உறவுக்காரர்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லாமல் போயிற்று.

6. எங்கள் ஊரிலிருந்து திருநள்ளாறு கூப்பிடு தூரம். நாடெங்கும் உள்ளவர்கள் சனி தோஷம் கழிய வந்து போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு ஒருத்தி வருஷக்கணக்கில் மந்தமாக நடமாடினால் வேறென்ன சொல்வார்கள்? ஏழரை பிடித்திருக்கிறது என்றார்கள். சனிக்கிழமை விரதம் இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். காலையில் நளதீர்த்தத்தில் எண்ணெய் முழுக்கு. சாயங்காலம் தீபம் போடும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். தீபம் போடுவதற்குள் கண் இருட்டிக் கீழே விழுவேன். விழுந்தது சனிக்கிழமை என்பதாலேயே பிடித்திருப்பது சனிதான் என்று வீட்டில் முடிவாயிற்று; விரதத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். நானும் நம்பினேன். கோயிலையோ சாமியையோ நான் குறை சொல்லவில்லை. பட்டினியாக வா என்று சனி பகவான் எனக்குத் தாக்கீது அனுப்பவில்லை. நாங்களாகச் செய்துகொண்டது அது.

7. அப்படி விழுந்து மேற்படி மருத்துவமனைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். 14.09.2024, 16.11.2024, 18.01.2025. ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்காருவேன். "ஒண்ணுமில்ல, வீக்னஸ்தான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மூன்று ஓ.பி. சீட்டிலும் ஒரே வார்த்தை: பலவீனம். மூன்றும் சனிக்கிழமை என்பதை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை.

8. 08.03.2025 அன்று விழுந்தவள் எழவில்லை. அன்று மகளிர் தினம். மருத்துவமனை முகப்பில் கோலப்போட்டி நடந்ததால், கோலம் கலையக்கூடாது என்று என்னைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனார்களாம். பிரஷர் எழுபதுக்கு நாற்பது. சுகர் நாற்பத்தெட்டு. ரத்தத்தில் உப்புச்சத்து 112; அது 135க்குக் கீழே போகக்கூடாதாம். இங்கிருந்து அடுத்த மூன்று நாள் நடந்தவை என் நினைவில் இல்லை. பக்கத்திலேயே இருந்த என் மாமியார் சொல்ல நான் எழுதியவை. அவரும் இம்மனுவின் கடைசியில் கையெழுத்திட்டிருக்கிறார்.

9. அன்று முதல் வார்டில் பகல் பணியில் இருந்தவர் திருமதி ஜெயமேரி அவர்கள். உப்பு குறைந்தவர்களுக்கு அதை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கு ஆபத்து என்று அவர் சொட்டுகளை எண்ணி எண்ணி வைத்திருக்கிறார். என் கணவரின் அண்ணன், என் மூத்தார் திருஞானசம்பந்தம் அவர்கள், ஒன்பதாம் தேதி என்னைப் பார்க்க வந்தவர், சொட்டு மெதுவாக இறங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் வேகத்தைக் கூட்டும் சக்கரத்தில் கை வைத்திருக்கிறார். சிஸ்டர் ஓடிவந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கைய எடுங்க சார். இது ஒங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மடை இல்ல." வார்டே சிரித்ததாம். என் மூத்தார் எங்கள் ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணங்குகிற மனிதர். இந்த வார்த்தை புகாரில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் புகார் பிறந்தது இங்கேதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

10. பத்தாம் தேதி திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் எனக்கு உடம்பு துடைத்துவிட்டிருக்கிறார். துடைக்கும்போது என் அக்குளில் முடியே இல்லாததைக் கவனித்திருக்கிறார். தலைமாட்டில் இருந்த பழைய சீட்டுகளை எடுத்துக் காலண்டரோடு ஒத்துப் பார்த்து, "எல்லாம் சனிக்கிழமையா இருக்கே, அன்னிக்கு என்ன விசேஷம்?" என்று என் மாமியாரைக் கேட்டிருக்கிறார். விரதம் என்று மாமியார் சொன்னார். அடுத்துக் கேட்ட கேள்விதான் குற்றமாகிவிட்ட கேள்வி.

11. புகாரில் 'தகாத கேள்விகள்' என்று மட்டும் இருக்கிறது. குறிப்பாணையிலும் 'தகாத கேள்விகள்' என்றே இருக்கிறது. எந்தக் கேள்வி என்று புகார் எழுதியவர் எழுதவில்லை, விசாரித்தவர் கேட்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு வேண்டாம். கேட்டது இதுதான்: "புள்ளை பெத்தப்ப பால் சுரந்துச்சாம்மா? தூரம் திரும்ப வந்துச்சா? இந்த முடியெல்லாம் எப்பலேருந்து இல்ல?" என் மாமியார், "ஒரு சொட்டு கெடையாதும்மா. ரத்தம் நிக்காமப் போயி அஞ்சு பாட்டில் ஏத்துனாங்க. பத்து நாளு பால்சுறா ஆக்கிப் போட்டேன். தூரமும் அதோட நின்னுபோச்சு" என்றார். ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர், சாமியார், ஜோசியர் பார்த்தாயிற்று. அவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் வராத கேள்வி. அதைக் கேட்டபோது கஞ்சிக் குவளையோடு என் மூத்தார் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அடுத்த கட்டில் நோயாளிகளைப் பார்க்க வந்த ஆண்கள் மூன்று நான்கு பேர் சுற்றி நின்றிருந்தார்கள். இடையில் ஒரு திரை இல்லை.

12. சிஸ்டர் இந்தப் பதில்களைக் கேஸ் ஷீட்டில் எழுதி, டூட்டி டாக்டரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த இளம் மருத்துவர் அதைப் படித்ததும், உடனே ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கச் சொன்னார். இரண்டு நாளில் நான் தெளிந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனபோது அது பட்டுப்போய்விட்டது. பால், மாதவிலக்கு, தைராய்டு, பிரஷர் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற சுரப்பி அது. நான் சோம்பேறி இல்லை ஐயா. இந்த ஒரு வரியை ஒன்பது வருஷமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

13. இனிப் புகாரின் கதை. அதே பத்தாம் தேதி மாலை என் மூத்தார் ஒரு தாளை நீட்டி, "ஆஸ்பத்திரி பேப்பர்மா, ஒரு கையெழுத்து போடு" என்றதாக என் மாமியார் சொல்கிறார். அன்று காலை மருத்துவர் என் மகளின் பெயர் கேட்டதற்கு நான் என் பள்ளித் தோழியின் பெயரைச் சொன்னதாகக் கேஸ் ஷீட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த நிலையில் போட்டது அந்தக் கையெழுத்து. கை என்னுடையது, அதிலுள்ள ஒரு சொல்லும் என்னுடையது இல்லை. "பொதுமக்கள் முன்னிலையில் என் பெண்மைக்கு இழுக்கு நேர்ந்தது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அப்படி எனக்கு எந்த இழுக்கும் நேரவில்லை என்று இதன்மூலம் அறிவிக்கிறேன். பார்வை 1இல் கண்ட புகாரை முழுமையாக மறுக்கிறேன்.

14. என் மூத்தாரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் வார்டில் இருந்த ஐந்து நாளும் தாம் குடியிருக்கும் நெடுங்காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் நேருக்கு நேர் கேட்டேன். "நாலு ஆம்பளைங்க நிக்கிற எடத்துல அப்படிக் கேட்டா, குடும்ப மானம்னு ஒண்ணு இல்லையா?" என்றார். மானம் போகும் என்றால் திரை கேட்டுப் புகார் எழுதியிருக்கலாமே, கேள்வி கேட்டவர் மீது ஏன் எழுதினீர்கள் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். இம்மனுவில் கையெழுத்திட மறுத்துவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

15. என் மாமியாரோ தாமாகவே பேனாவைக் கேட்டு வாங்கினார். பெற்ற மகன் எழுதியதற்கு எதிராகக் கையெழுத்துப் போடுகிறீர்களே என்று தெருவில் கேட்டவர்களிடம், "பட்டினி போட்டவ நானு. எனக்கே தெரியாமப் போச்சு. அந்தம்மா கேக்கலேன்னா இவ போயிருப்பா" என்று சொன்னார். எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமைகளில் எனக்குத்தான் முதல் இலை.

16. குறிப்பாணையில் உள்ள மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் நானே பதில் சொல்லிவிடுகிறேன். 'நோயாளியின் உறவினரை அவமதித்தார்' என்பது ஒன்று. சக்கரத்தைத் திருப்பவிட்டிருந்தால் அந்த உறவினர் என் காரியத்துக்குத் தலைமை தாங்கியிருப்பார். அவமானம் பெரிதா, அது பெரிதா என்று தாங்களே சொல்லுங்கள். 'தன் பணி எல்லையை மீறி நோய் குறித்த கருத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதினார்' என்பது இன்னொன்று. அந்தத் தாளின் நகலை நோயாளி என்ற உரிமையில் எழுதிக் கொடுத்து வாங்கினேன். நோயின் பெயர் அதில் இல்லை. பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருக்கின்றன: பால் இல்லை, விலக்கு இல்லை, முடி இல்லை, பிரசவத்தில் ஐந்து பாட்டில் ரத்தம், மயக்கம் எல்லாம் விரத நாளில். கடைசியில் 'டாக்டர் தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒரு வரி. இதை எழுதக்கூடாது என்றால் செவிலியருக்குப் பேனா எதற்கு?

17. ஐயா, இந்தப் பத்தியை மூன்று முறை கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன். புதுச்சேரியிலிருந்து திரும்பியபின் மார்ச் கடைசியில் மறுபரிசோதனைக்கு வந்தேன். சிஸ்டரை வார்டில் காணவில்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். நான் வந்திருப்பது தெரிந்து சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மாத்திரையைக் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி, ஊசி போட்ட கையோடு மருத்துவமனை என்று நான்கு முறை சொல்லி, என் கணவரை நான்கு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரு சாத்துக்குடியைக் கையில் கொடுத்து, அதில் தண்ணீர் ஊசி குத்திப் பழகச் சொன்னார். மண்வெட்டி பிடித்த கை. சாத்துக்குடி மூன்று வீணாயிற்று. நான்காவதில் சரியாகக் குத்தினார். மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, என் கழுத்துச் சங்கிலியில் மாட்டிவிட்டார். அன்று அவர் கையில் என் பெயர் போட்ட குறிப்பாணை இருந்தது. பத்து நாளாக இருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை அவர் என்னைக் கேட்கவில்லை.

18. தபால் வந்த மறுநாள் கிடங்குக்கு ஓடினேன். நான் எழுதவில்லை சிஸ்டர் என்று கடிதத்தை நீட்டினேன். "அது எனக்குத் தெரியும்மா. அன்னிக்கு உங்களுக்கு உங்க பேரே தெரியல. மனு கினுன்னு அலையாதீங்க, மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க, போதும்" என்றார். முதல் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நான் மீறுகிறேன்.

19. ஒன்றைத் தாங்கள் கேட்கலாம்: ஒருத்திக்கு நடந்த நன்மைக்காக நிர்வாக முடிவை மாற்ற முடியுமா என்று. ஒருத்தி இல்லை. 04.05.2025 அன்று குரும்பகரத்தில் என் கணவரின் உறவுப் பெண்ணுக்கு வளைகாப்பு. சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ராஜம் என்ற நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். "ஊட்டிக்காரி வந்துட்டா" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு மெதுவாக, இழுத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் சிஸ்டர் கேட்ட அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். வளைகாப்பு வீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான். ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாலு வருஷமா யாரும் கேக்கலியே" என்று அழுதுவிட்டார்.

20. அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் வைட்டமின் மாத்திரையோடு திரும்பி வந்தார். சீட்டில் 'பலவீனம்'. வார்டில் இருந்த செவிலியர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒருவர் பிறகு என்னிடம் தனியாக, "அக்கா, ஜெயமேரி சிஸ்டருக்கு ஆனதைப் பார்த்தபிறகு யார் வாயைத் திறப்பாங்க?" என்றார். அது என் பெயரில் வந்த புகாரால் ஆனது என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுவாரம் நானே ராஜத்துடன் போனேன். பதில்களை ஒரு தாளில் எழுதி, எனக்கு வைத்தியம் பார்த்த அதே டூட்டி டாக்டர் வரும்வரை காத்திருந்து அவர் கையில் கொடுத்தேன். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு வந்த அதே நோய். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரம் பார்த்தபோது ஸ்வெட்டர் இல்லை.

21. ஆந்திரப் பக்கம் தள்ளி இருந்தாலும் யானமும் நம் புதுச்சேரிப் பிரதேசத்தின் ஊர்தான். அங்குள்ளவர்களுக்கும் நல்ல செவிலியர் வேண்டும். அவர்கள் ஊரைத் தண்டனைக்கு அனுப்பும் இடமாக வைத்திருப்பது தெரிந்தால் அவர்களே தங்களுக்கு ஒரு மனு எழுதுவார்கள். ஆனால் அங்கே பேசுவது தெலுங்கு. ஜெயமேரி சிஸ்டருக்குத் தெலுங்கு தெரியாது. வெட்கப்படுகிற பெண்ணிடம் அவளுடைய பேச்சிலேயே பேசி விஷயத்தை வாங்குவதுதான் அவர் வேலையின் பாதி. அந்தப் பாதியைப் பிடுங்கிக்கொண்டு மீதியை மட்டும் அனுப்புகிறார்கள். இங்கே குரும்பகரத்தில் ராஜத்தின் கணவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. நாளை ராஜத்துக்குக் காய்ச்சல் கண்டு வாந்தி எடுத்தால் யார் பொறுப்பு என்று எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கோருகிறேன்.

22. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை:

திருமதி ஜெயமேரி அவர்களின் இடமாற்றத்தை 30ஆம் தேதிக்கு முன் ரத்து செய்து, அவரைக் கிடங்கிலிருந்து வார்டுக்கே திரும்ப அனுப்ப வேண்டும். குறிப்பாணையைத் திரும்பப் பெற்று அதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அவர் கேட்ட மூன்று கேள்விகளையும் பெண்கள் ஓ.பி. சீட்டிலேயே அச்சிட வேண்டும். மயங்கி விழுந்து வருகிற ஒவ்வொரு தாயிடமும் அவை கேட்கப்பட வேண்டும்.

பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை வேண்டும். நான்கு கால், இரண்டு கம்பி, ஒரு துணி. இதற்கும் விசாரணைக் குழு அமைக்க வேண்டாம்.

சுரப்பி நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாத்திரை, காய்ச்சல் நாள், அவசர ஊசி ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, அதை அவர் பொறுப்பில் விட வேண்டும்.

23. மேல்விசாரணை வைத்தால் என்னைக் கூப்பிடுங்கள். எத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும் அந்த மூன்று கேள்விகளுக்கும் உரத்த குரலில் பதில் சொல்வேன். வளைகாப்புக்குப் பிறகு இதுவரை நாற்பத்தோரு பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். அது குற்றமென்றால் எனக்கொரு குறிப்பாணை மேற்கண்ட முகவரிக்கு அனுப்பவும்.

24. ஜூன் 30 வரை காத்திருப்பேன். நடவடிக்கை இல்லையென்றால் ஜூலை முதல் தேதி காலையிலிருந்து தங்கள் அலுவலக வாசலில் உட்காருவேன். உண்ணாவிரதம் என்று யாரும் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்க வேண்டாம். பட்டினி என் உடம்புக்கு ஆகாது. எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு மாத்திரை போடுவேன். மதியம் என் மாமியார் சோறு கொண்டுவருவார். நான்கு மணிக்கு அடுத்த மாத்திரை. ராஜமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். இப்படியே எத்தனை நாள் வேண்டுமானாலும் எங்களால் இருக்க முடியும் ஐயா. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்போம்.

நாள்: 16.06.2025
இடம்: சுரக்குடி

இம்மனுவைத் தானே எழுதி, தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடும்,

(ஒப்பம்)
க. விஷ்ணுப்ரியா

சாட்சிகள்:
1) பங்கஜவல்லி, மாமியார் (ஒப்பம்)
2) கதிரவன், கணவர் (ஒப்பம்)
3) ராஜம், குரும்பகரம் (ஒப்பம்)